தலைவர் விரலும் கொள்ளு ரசமும்

நித்யஸ்ரீ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அவள் கணவன் கிருபாசங்கர் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போய்க்கொண்டிருந்தான். காரில் அவனைத் தவிர யாரும் இல்லை. துடியலூரிலிருந்து அன்னூர் வரைக்கும் இப்படியே பத்தொன்பது நாளாயிற்று.

இருவருக்கும் சண்டை ஒன்றுமில்லை. அவள் அன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் துடியலூரில் பம்புசெட் உதிரி பாகக் கடை வைத்திருந்தான். அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து கடை திறப்பது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். இப்போதும் அவள் பத்திரமாக வாசலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். என்ன, அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நுழைந்தாள்.

கண்டக்டர் முதல் வாரம் சந்தேகப்பட்டார். விஷயம் தெரிந்ததும் வருத்தப்பட்டார்.

"அம்மணி, பின்னால ஊட்டுக்காரர் சும்மாதானுங்க வாராரு. அதுலயே போயிரலாமுங்களே?"

"அந்தக் காருக்கு உங்க பஸ்ஸு எவ்வளவோ தேவலைங்க," என்றாள் நித்யஸ்ரீ. அந்தப் பஸ்ஸைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லிக் கண்டக்டர் கேட்டதே இல்லை.

காரின் கோளாறு இதுதான். அது ஆடியது. ஒரு குழியில் இறங்கினால் அடுத்த குழி வரும்வரை ஆடியது. நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிய பிறகும் கொஞ்சம் ஆடியது. நித்யஸ்ரீ தினமும் மடியில் ஒரு தூக்குப்போசி நிறையக் கொள்ளு ரசம் கொண்டுபோவாள். ஆசிரியர் அறையில் பதினோரு பேர் மத்தியானச் சோற்றுக்கு அதை நம்பியிருந்தார்கள். கார் ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் ரசம் அவளுடைய மூன்று சேலைகளின் மேல் போனது. நான்காவது சேலையைக் கட்டிக்கொண்டு அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏனுங்க, போசி என் மடியில இருக்கோணும். ஒரு சொட்டுச் சிந்தாம அன்னூர் போய்ச் சேரோணும். அப்படி எப்ப போகுமோ, அப்ப நான் இந்தக் கார்ல ஏர்றேன். அது வரைக்கும் பஸ்ஸு."

கிருபாசங்கருக்கு அது தாங்கவில்லை. சாயங்காலம் அவளுக்கு விடைத்தாள், அவனுக்குக் கடை. இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்வதற்கு அந்த முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அதையும் இப்போது பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த நகைக்கடை விளம்பரத்தோடு கழிக்க வேண்டியதாயிற்று.

கார் இந்தக் கதிக்கு வந்ததற்குக் காரணம் கோவை மண்டலத் தாழ்நிலைக் கார் உரிமையாளர் பேரவை. காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவதில் பிரியமுள்ள நாற்பத்து மூன்று பேர் அதில் உறுப்பினர்கள். அவர்களில் இருபத்தொன்பது பேர் நிர்வாகிகள். மீதிப் பதினான்கு பேர் மனம் நோகக் கூடாதென்று அவர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாகப் போட்டிருந்தார்கள். சும்மா உறுப்பினராக மட்டும் இருக்க அங்கே யாருக்கும் வழியில்லை.

பேரவைத் தலைவர் கந்தப்பனுக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. நாலு கிணற்று மோட்டாருக்கும் கிருபாசங்கர் கடையில்தான் சாமான் வாங்குவார். ஒருநாள் கடைக்கு வந்தவர் வெளியே நின்ற காரைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உங்க வண்டி என்ன, ஏணி வெச்சு ஏர்றாப்புல நிக்குது?"

வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் கிருபாசங்கருக்கு இல்லை. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பேரவையில் விண்ணப்பமாகப் பதிவாகி, அந்த வாரமே காரின் பழைய ஸ்பிரிங்குகள் கழற்றப்பட்டு, குட்டையான சிவப்பு ஸ்பிரிங்குகள் நான்கு மாட்டப்பட்டன. கார் குனிந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு குனிய வேண்டும் என்பதற்குச் சட்டம் இருந்தது. டயரின் உச்சிக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே சரியாக இரண்டு விரல் நுழைய வேண்டும். யாருடைய விரல் என்றால், பதவியிலிருக்கும் தலைவரின் விரல். முந்தைய தலைவர் ஒரு ஆடிட்டர். பேனா பிடித்த விரல். அவர் காலத்தில் கார்கள் எறும்பை நசுக்கிக்கொண்டு போயின. அவருக்குப் பின் கந்தப்பன் வந்தார். தேங்காய் உரித்த விரல். ஒரே வாரத்தில், அப்போதிருந்த நாற்பது கார்களும் அரை அங்குலம் மேலே ஏற்றப்பட்டன. ஆண்டு மலரில் அவரைப் பற்றி, பேரவையை உயர்த்திய பெருந்தகை என்று போட்டிருந்தார்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

விரலுக்குப் பதில் ஒரு ஸ்கேல் வைத்து அளக்கலாமே என்று யாரோ ஒருமுறை கேட்டார்களாம். அது தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று முடிவு செய்யப்பட்டது. கேட்டவர் இப்போது பேரவையில் இல்லை. அவர் கார் நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

ஸ்பிரிங் மட்டும் போதாது என்பது கிருபாசங்கருக்குப் பிறகுதான் தெரிந்தது. காரைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் விழுந்து எழுந்ததும் அந்த ஸ்பிரிங் துள்ளும். துள்ளலை ஒரே ஆட்டத்தோடு அடக்கி நிறுத்துவது ஷாக்ஸ். ஸ்பிரிங்கைக் குட்டையாக, முறுக்காகப் போட்டால், அதற்கேற்ற குட்டையான, அழுத்தமான ஷாக்ஸும் போட வேண்டும். பழைய ஷாக்ஸால் புது ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் பேரவையில் ஸ்பிரிங் அணி வேறு, ஷாக்ஸ் அணி வேறு.

ஸ்பிரிங் அணி தலைவர் கந்தப்பனுக்குக் கீழே இருந்தது. ஷாக்ஸ் அணி செயலாளர் குமாரசாமிக்குக் கீழே. குமாரசாமி கணபதியில் பவுண்டரி வைத்திருப்பவர். இரண்டு ஆள் கனம். மூன்று வருடங்களுக்கு முன் ஆண்டு விழா பேனரில், கட்டுக்கயிறு கோக்கும் ஓட்டையை ஸ்பிரிங் அணியார் குமாரசாமி படத்தின் மூக்கில் போட்டுவிட்டார்கள். கயிறு ஒரு மூக்குத் துளையில் நுழைந்து மின்கம்பத்துக்குப் போயிற்று. அன்றிலிருந்து இரண்டு அணிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை மினிட் புத்தகத்தில் எழுதுவார்கள். மற்றவர் படித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பேரவையின் எந்தக் காரிலும் ஸ்பிரிங்குக்கும் ஷாக்ஸுக்கும் ஒட்டுறவு இருக்கவில்லை. எல்லாக் கார்களும் ஆடின. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் ரோட்டில் பேரவையின் ஊர்வலம் போகும். நாற்பத்து மூன்று கார்கள் மேலும் கீழும் ஆட, உள்ளே இருப்பவர்கள் எல்லாருடைய தலையும் முன்னும் பின்னும் ஆடும். ரோட்டோரத்தில் நிற்பவர்கள், யாரோ பெரிய மனிதர்கள் தங்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று பதிலுக்குக் கும்பிடுவார்கள். ஒருமுறை ஒரு டிராபிக் போலீஸ்காரர் சல்யூட் அடித்தார்.

கிருபாசங்கர் கலந்துகொண்ட முதல் ஊர்வலம் முடிந்ததும் கந்தப்பன் பேசினார்.

"மத்த ஊர்லயெல்லாம் வண்டி ஓடுதுங்க. நம்ம வண்டி கும்பிடு போட்டுட்டு ஓடுதுங்க. கொங்கு நாட்டு மரியாதைய இரும்புக்கே சொல்லிக் குடுத்தது நம்ம பேரவைங்க. ஆட்டம், ஆட்டம்னு சில பேரு குறை சொல்றாங்க. பணிஞ்சவன் ஆடத்தானுங்க செய்வான்."

கிருபாசங்கர் கை தட்டினான். ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. ஊர்வலத்தில் அவன் கார் தலைவர் காருக்கு நேர் பின்னால் போயிற்று. தலைவரின் தலை ஆடியது. கார் ஒரு தாளத்தில் போக, தலை வேறொரு தாளத்தில் போனதுபோல் இருந்தது. அனுபவம் என்று நினைத்துக்கொண்டான்.

பஸ்ஸுக்குப் பின்னால் போன ஆறாம் நாள் அவன் தலைவரைத் தோப்பில் போய்ப் பார்த்தான். கார் ஆடுவதைச் சொன்னான். ரசத்தைச் சொன்னான். சேலைகளைச் சொன்னான். கந்தப்பன் முழுதாகக் கேட்டுக்கொண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"கண்ணு, எறக்கிக் குடுக்கறது எங்க பொறுப்புங்க. வண்டி எறங்கியிருக்குதா, இல்லீங்களா?"

"எறங்கியிருக்குதுங்க."

"அப்ப எங்க வேலை முடிஞ்சுபோச்சுங்க. ஆட்டம் அக்கட்ட, செயலாளர் டிப்பார்ட்மென்டு. நாம அதுல கைய வெச்சா மரியாதை இல்லீங்க பாருங்க."

மறுநாள் குமாரசாமியின் பவுண்டரிக்குப் போனான். அவரும் முழுதாகக் கேட்டார். டீ வரவழைத்தார்.

"ஷாக்ஸ் குடுக்கறதுதானுங்க எங்க வேலையே. தாராளமா வாங்கிக்கங்க. ஒண்ணே ஒண்ணு. உங்க வண்டியில என்ன ஸ்பிரிங் கெடக்குதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"அது தெரியாம எப்படீங்க ஷாக்ஸ் போடறது?"

"தெரிஞ்சுபோட்டா அவிய அணிய நாங்க அங்கீகாரம் பண்ணுன மாதிரி ஆயிருமுங்க. மூணு வருசமா ஒரு ஸ்பிரிங்கக்கூட நான் ஏறெடுத்துப் பாத்ததில்லீங்க. கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே."

கிருபாசங்கர் வாயைத் திறந்தபோது அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். ஷாக்ஸ் உறுப்பினர் எண்படி ஒதுக்கப்பட்டது. நாற்பத்து மூன்றாம் எண்ணான அவனுக்கு ஒரு பெரிய வண்டியின் முரட்டு ஷாக்ஸ் இரண்டு வந்தன. வருடத்துக்கு இரண்டுதான் தருவார்கள். பின்சக்கரங்களுக்கு அவை மாட்டப்பட்டன. முன்சக்கரங்களுக்குப் பழையதே இருந்தது. இப்போது காரின் பின்பக்கம் சிமெண்டுத் திண்டுபோல் உறைந்து நிற்க, முன்பக்கம் மட்டும் தலையாட்டியது. போசியில் தண்ணீர் நிரப்பி, பக்கத்துச் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கோவில்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தான். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கூரை விளக்கில் இருந்தது.

மூன்றாவது முறை அவன் மனுவாகவே எழுதினான். ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்து தர வேண்டும் என்று கேட்டிருந்தான். பொருந்துதல் என்ற சொல் பேரவையைக் கலக்கிவிட்டது. வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டுக்குழு கூடியது. ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். தலைவர் காரும் செயலாளர் காரும் மண்டபத்து நிழலில் எதெது எந்தப் பக்கம் நிற்பது என்று பகல் ஒன்றரை வரை பேசினார்கள். சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் குறையில்லை. மூன்று மணிக்குத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர் கோரியபடியே பொருத்தம் செய்து தரப்படும். ஸ்பிரிங் சிவப்பாக இருப்பதால் ஷாக்ஸுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடிக்கப்படும்.

கிருபாசங்கர் எழுந்து ஏதோ சொல்லப் போனான். எல்லாரும் அவனைப் பார்த்து அவ்வளவு அன்பாகச் சிரித்தார்கள். அவன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். எந்த அணியின் ஆள் பிரஷ்ஷைப் பிடித்தாலும் அடுத்த அணி கோபிக்குமென்று பெயிண்ட்டை அவனே அடிக்க வேண்டியதாயிற்று.

ஆண்டு விழாவில் அந்தக் காருக்கு ஒற்றுமைக் கார் என்று பெயர் வைத்து மாலை போட்டார்கள். செயலாளர் காரில் அமர, தலைவர் விரல் வைத்து அளந்து, உயரம் சரி என்று அறிவிப்பது நிகழ்ச்சி. நித்யஸ்ரீயும் வந்திருந்தாள். முன்வரிசையில் மடியில் காலிப் போசியோடு உட்கார்ந்திருந்தாள். ஒற்றுமை வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகலாமென்றுதான் வந்தாள்.

கந்தப்பன் ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரல்களை முன் டயருக்கு மேலே நுழைத்தார். பேசத் தொடங்கினார். விரலை நுழைத்த பிறகு, அளவை அறிவிக்கும்வரை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் அளவு செல்லாது. அது அவரே கொண்டுவந்த விதி. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே குமாரசாமி கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கார் இறங்கியது. கந்தப்பனின் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு அதே மரியாதையோடு தொடர்ந்தது.

"...ஆகவே இந்த நன்னாள்ல, வண்டிக்குள்ள இருக்கறவங்க கொஞ்சம் எறங்குனா ரொம்ப நல்லா இருக்குமுங்க."

குமாரசாமி காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை இல்லையே. கிருபாசங்கர் மேடைக்கு ஓடி மினிட் புத்தகத்தை எடுத்து, செயலாளர் உடனே இறங்க வேண்டுமெனத் தலைவர் கோருகிறார் என்று எழுதி, ஜன்னல் வழியாக நீட்டினான். குமாரசாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்ததும் பாவம், பதறித்தான் இறங்கினார். அவர் இறங்கியதும் முன்பக்கம் துள்ளி எழுந்தது. கந்தப்பன் விதியை மதித்து விரலை எடுக்காமல் இருந்தார். எழுந்த கார் திரும்ப இறங்கியது. மறுபடி எழுந்தது. மறுபடி இறங்கியது. அடக்க வேண்டிய ஷாக்ஸ் சிவப்பாக மட்டும் இருந்தது. மூன்றாவது முறை எழுந்தபோது அவர் விதியைக் கைவிட்டார்.

"ரெண்டு விரலுங்க," என்று மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்த அளவுக்குக் கடமை உணர்ச்சி உள்ளவர்.

எலும்புக்கு ஒன்றுமில்லை. வீக்கம்தான். இரண்டு விரலுக்கும் சேர்த்துப் பெரிய கட்டாகப் போட்டார்கள். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. கட்டும் தலைவரின் விரலைச் சேர்ந்ததே என்பதால், கட்டுப் பிரிக்கும்வரை எல்லாக் கார்களையும் இரண்டு அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். பேரவைக் கார்களுக்கும் கம்பெனியிலிருந்து வந்த கார்களுக்கும் உயரத்தில் அப்போது ஒரு வித்தியாசமும் இல்லாமல் போயிற்று.

கிருபாசங்கர் சுற்றறிக்கையை நித்யஸ்ரீயிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டும் பொருந்தோணும்னா ரெண்டையும் ஒரே ஆள் பாக்கோணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதானுங்க."

"அதுக்கு எதுக்குங்க நாப்பத்தி மூணு பேரு?"

மறுநாள் அவன் காரை உயர்த்தாமலே, மெக்கானிக் யாகூப் பாயைத் தேடி உக்கடம் போனான். தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். யாகூப் பாய் ஒன்றும் கேட்காமல் முன்னால் பானெட்டை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு ஆட்டத்தை எண்ணினார். ஐந்து வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது காருங்களா, தொட்டிலுங்களா?"

யாகூப் பாய் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தார். கம்பியின் கனத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வழக்கமா எத்தன பேரு போவீங்க?"

"ரெண்டு பேருங்க. ஒரு போசி."

"போசியில என்னங்க?"

"கொள்ளு ரசமுங்க."

"எத்தன லிட்டருங்க?"

கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் பேரவையில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குக்கு ஏற்ற நீளத்தில், ஏற்ற அழுத்தத்தில், நான்கு ஷாக்ஸ். எல்லாம் கறுப்பு. யாகூப் பாய் மறுபடி பானெட்டை அமுக்கினார். கார் இறங்கியது, எழுந்தது, நின்றது. உயரம் அதே உயரம்தான். ஆட்டம்தான் இல்லை.

அப்போதுதான் கிருபாசங்கர் ஒர்க்ஷாப்பின் கடைசியில் தார்ப்பாய் போர்த்தி நின்ற இரண்டு கார்களைப் பார்த்தான். நம்பர் பிளேட் வெளியே தெரிந்தது.

"இது எங்க தலைவர் வண்டிங்களே?"

"அஞ்சு வருசமா எங்கிட்டத்தானுங்க வருது. பக்கத்துல செயலாளர் வண்டி. ரெண்டுக்கும் ஒரே செட்டுத்தான் போட்டிருக்குது. பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தமுங்க."

"ஊர்வலத்துல ஆடுதுங்களே பாய்?"

"வண்டி எங்கீங்க ஆடுது? அவரே ஆடிக்குவாருங்க."

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கந்தப்பனும் குமாரசாமியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாததால், குமாரசாமி வர்க்கியை டீயில் நனைத்துக் கந்தப்பனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கந்தப்பன் நிமிர்ந்தார். கிருபாசங்கரைப் பார்த்தார். கிருபாசங்கர் உடனே அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தான். பெரியவர்களைச் சங்கடப்படுத்தி அவனுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில், ஆள் மட்டும் ஆடிய இரண்டையும் சேர்த்து நாற்பத்து இரண்டு கார்கள் கும்பிட்டன. ஒன்று கும்பிடவில்லை. மறுநாள் காலை நோட்டீஸ் வந்துவிட்டது. பொதுமக்கள் முன்னிலையில் கார் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது பற்றி ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

நித்யஸ்ரீ அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே காரில் ஏறினாள். மடியில் விரித்தாள். அதன் மேல் ரசப் போசியை வைத்தாள். மூடியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"போலாமுங்க," என்றாள்.

சரவணம்பட்டி தாண்டும்போது கந்தப்பனிடமிருந்து போன் வந்தது. நித்யஸ்ரீ ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, நோட்டீஸ் வந்துதுங்களா?"

"வந்துதுங்க."

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தானுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு உக்கடத்துப் பக்கம் வந்திருந்தீங்களாட்ட இருக்குது?"

"வந்திருந்தேனுங்க."

"அங்க யாரையாச்சும் பாத்தீங்களா?"

கிருபாசங்கர் ரோட்டைப் பார்த்தான். வாடிக்கையாளர். நாலு கிணறு.

"கூரையத்தானுங்க பாத்தேன். நல்ல தகரமுங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

"நல்ல பையனுங்க நீங்க. நோட்டீஸக் கிழிச்சுப்போடுங்க. அடுத்த வருசம் உங்களுக்குத் துணைத்தலைவர் பொறுப்பு குடுக்கலாம்னு இருக்கறேன்."

கிருபாசங்கர் வழக்கம்போலச் சிரிக்கப் போனான். இந்தச் சிரிப்பும் விண்ணப்பமாகிவிடும் என்று ஞாபகம் வந்தது.

"வேண்டாமுங்க," என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் சொன்ன வார்த்தை அது. "காலையில எனக்கு நேரமிருக்காதுங்க. அம்மணிய அன்னூர்ல எறக்கிவிடோணும்."

போன் வைக்கப்பட்டது. கோவில்பாளையத்து வேகத்தடை மூன்றும் வரிசையாக வந்தன. கிருபாசங்கர் மெதுவாக ஏற்றி இறக்கினான். நித்யஸ்ரீ போசியை இரண்டு கையாலும் தூக்கி, கீழே இருந்த நோட்டீஸைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அவள் பேச ஆரம்பித்தாள். பத்தொன்பது நாள் போக, அதற்குப் பிறகு ஊர்வலம் வரைக்குமான பேச்சும் பாக்கியிருந்தது. எட்டாம் வகுப்பில் ஒருவன் கணக்கு விடைத்தாளில் கடிதம் எழுதி வைத்ததிலிருந்து தொடங்கினாள்.

கண்ணாடியில் பார்த்தான். அன்னூர் பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்படியில் நின்ற கண்டக்டர் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.